மழை வந்தால் வண்டி எடுக்கும் கியூசி அக்கா

இந்த உலகத்தில் கியூசி அக்கா நம்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: அவருடைய மோட்டார் சைக்கிளின் செயின். அதையும் சும்மா நம்பிவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று எண்ணெய் விட்ட பிறகுதான் நம்புவார்.

திருப்பதியில், திருச்சானூர் போகும் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு பெண்கள் விடுதியில் அப்போது நாங்கள் இருந்தோம். திருத்தணி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பிழைக்க வந்த கூட்டம். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும். அக்காவுக்கு அங்கே செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. குவாலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக கியூசி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டேன். "எதுக்குக் கேக்குற?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

நாள் முழுக்க ஓடும் பெல்ட்டின் முன் உட்கார்ந்து, "இது சரியில்ல, இது சரியில்ல" என்று எடுத்துப் போடுவதுதான் அவர் வேலை. மற்றவர்கள் வேலையைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அக்கா அதை விடுதிக்கும் கொண்டுவந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தட்டை எடுத்தால் வார்டனம்மாவின் முகம் சுருங்கிவிடும். அக்கா சாம்பாரைக் கரண்டியில் எடுத்து மோந்து பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"இது நேத்து சாம்பாரு."

"அய்யோ தேவுடா! பொத்துன்னே லேச்சி, காலையிலயே பருப்பு வேக வெச்சேன்மா!" என்று வார்டனம்மா பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் அலறுவார்.

"பருப்பு இன்னிக்குதுதான். நான் இல்லன்னு சொல்லல. சாம்பாரு நேத்துது. ரெண்டும் கலந்துக்கினு கீது."

பத்துப் பெண்கள் கையைத் தட்டிலேயே நிறுத்திவிடுவோம். அக்கா மட்டும் அதையே ஊற்றிப் பிசைந்து நிதானமாகத் தின்றுவிட்டு எழுந்து போவார். சந்தேகப்படுவது அவருக்குக் கடமை. பசி வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரைப் பற்றி எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சின்னச் சந்தேகம் இல்லை.

வெயில் அடித்தால் அக்கா வண்டியைத் தொட மாட்டார். உறை போட்டு மூடி, மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவைப்பார். மழை பிடித்ததோ, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தேடும் நேரத்தில் அவர் புறப்படுவார். ரெயின்கோட். அதன் உள்ளே, குளிர் தாங்க, மார்பின் மேல் மடித்து வைத்த தெலுங்கு தினசரி. தெலுங்குப் பேப்பர்தான் வேண்டும். தமிழ் பேப்பரில் பக்கம் குறைவு, குளிர் உள்ளே வந்துவிடுகிறது என்பார். வானிலைச் செய்தி இருக்கும் பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்து மடிப்பார். "இவன் சொல்றத நம்ப முடியாது. ஆனா சூடா இருக்கும்." கையில் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை. காலில் ஷூவுக்கு மேல் பால் கவர் கட்டி ரப்பர் பேண்டு. அந்தக் கோலத்தில், இடி இடிக்கும்போது, கேட்டைத் திறந்துகொண்டு போய்விடுவார். மறுநாள் சொட்டச் சொட்டத் திரும்பி வருவார். முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்த களை இருக்கும்.

எங்கே போகிறார்?

என் அறைத் தோழி சுகந்தி அரக்கோணத்துக்காரி. எந்த மர்மத்துக்கும் விடை வைத்திருப்பாள். "மழையில செக்போஸ்ட்ல எவனும் வெளிய வரமாட்டான்டீ. மழையிலயே போறாங்கன்னா இன்னா அர்த்தம்? யோசி."

"இன்னா அர்த்தம்?"

"செம்மரம்."

திருப்பதியில் தமிழ் பேசுகிறவர்களை ஊரே செம்மரம் கடத்த வந்தவர்கள் என்ற கண்ணோடு பார்க்கும். நாங்களே எங்களில் ஒருவரை அப்படிப் பார்த்தோம் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒருநாள் அக்கா குளிக்கப் போயிருந்த சமயம், சுகந்தி வண்டியின் பக்கவாட்டுப் பையில் கையை விட்டாள். ஸ்பேனர், கயிறு, பிஸ்கட் பாக்கெட், எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய கனமான ஒன்று. பிரித்தால் கட்டை. செக்கச் செவேலென்று கட்டை.

"சொன்னேனா இல்லியா!" என்று சுகந்தி அதைக் கீழே போட்டாள். போலீஸ், ஜெயில், பேப்பரில் போட்டோ எல்லாம் என் கண்முன் வந்து போயின.

தலையில் துண்டோடு அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இன்னா பண்றீங்க?"

"அக்கா… இது… மரம்…"

"ஆமா. மரம்தான். மழையில மண்ணு எளகிப் போவும். சைடு ஸ்டாண்டு உள்ள போயி வண்டி சாஞ்சிடும். அதுக்கு அடியில வெக்கிற பலகை அது. செம்மண்ணு ஒட்டிக்கினு கீது. கழுவி வெச்சிட்டுப் போங்க."

கழுவினோம். வேப்பங்கட்டை.

சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை. பெங்களூரில் ரகசியப் புருஷன் என்று சுகந்தி அன்றைக்கே அடுத்த கதையைத் தொடங்கிவிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை காலை, கர்நாடக எல்லை ஓரத்தில் இருக்கும் குப்பம் என்ற ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது. என் தங்கை அங்கேதான் வாக்கப்பட்டிருந்தாள். புருஷன் குவைத்தில். மாமியாருக்கு முழங்கால் வலி. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது வலி எடுத்துவிட்டது. சாயங்காலம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எதற்கும் ரத்தம் கொடுக்க ஓர் ஆளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். எங்கள் வீட்டில் அந்த ரத்தம் அவளுக்கும் எனக்கும்தான். அம்மா திருத்தணியில், தண்டவாளத்தின் மேல் தண்ணீர், ரயில் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். "குப்பம் பஸ் லேதும்மா. ரோட்டு மேல நீளு" என்றார் டிக்கெட் கொடுப்பவர். சாலை மேல் தண்ணீர். டாக்ஸிக்காரர்கள் ஊர் பெயரைக் கேட்டதுமே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அழுதுகொண்டே விடுதிக்குத் திரும்பினேன். வாசலில் அக்கா, ஷூவில் பால் கவர் கட்டிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கட்டுவதை நிறுத்தாமல் ஆரம்பித்தார்.

"தங்கச்சியா? இத்தினி நாளா சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியேக்கா."

"உனக்குக் கல்யாணம் ஆவல. தங்கச்சிக்கு எப்படி மொதல்ல ஆச்சி?"

"லவ் மேரேஜுக்கா."

"அப்படிச் சொல்லு. போட்டோ கீதா?"

காட்டினேன். போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒத்துப்போனதுபோல் தெரிந்தது. எழுந்து உள்ளே போய், சுகந்தியின் ஹெல்மெட்டையும் பழைய பேப்பர்க் கட்டையும் எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"நெஞ்சில வெச்சிக்க. முதுகுலயும் வெச்சிக்க. ஏறு."

சந்திரகிரி தாண்டுவதற்கு முன் பெட்ரோல் பங்கு. டேங்கில் ஊற்றவிடாமல், முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். பாட்டிலைத் தூக்கி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அப்படியும் இப்படியும் குலுக்கிப் பார்த்தார். பங்குக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏந்தம்மா இதி? பெட்ரோலுன்னு நெனச்சியா, தீர்த்தம்னு நெனச்சியா?"

"அது தெரிஞ்சிக்கத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றார் அக்கா.

அதன் பிறகு மழைதான். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லாரி கடந்தால் ஒரு பக்கெட் சேற்றுத் தண்ணீர் முகத்தில். விரல்கள் எனக்குச் சொந்தமானவை என்பதே மறந்துபோயிற்று. பற்கள் தாமாகவே தாளம் போட்டன. இதற்கு நடுவில் அக்கா சற்றைக்கொரு தரம் கத்துவார்.

"தூங்கிட்டியா?"

"இல்லக்கா!"

"தூங்கினா வுழுந்துடுவ. தோள்ல தட்டு."

தட்டுவேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி: "இப்ப தட்டுனியே, முழிச்சிக்கினு தட்டுனியா, தூக்கத்துல தட்டுனியா?"

சித்தூர் தாண்டி ஒரு தரைப்பாலம். மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடை பிடித்த ஒருவர் நடுவில் நின்றுகொண்டு, "போங்க போங்க, முட்டிக்குக் கீழதான்" என்று வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஆட்டோ போயிற்று. கார் போயிற்று. ஆட்டு மந்தையே போயிற்று. அக்கா மட்டும் நிறுத்திவிட்டார். இறங்கிக் கரையில் நின்று தண்ணீரை முறைத்தார்.

"அக்கா, எல்லாரும் போறாங்களேக்கா!"

"போறவன் எல்லாம் தெரிஞ்சிக்கினா போறான்? அந்தாளு யாரு? யூனிபாரம் இல்ல. எதுக்கு இவ்ளோ ஆசையா கூப்பிடறான்?"

"மழையில நின்னு உதவி பண்றாருக்கா!"

"அதான் எனக்கும் டவுட்டு."

வண்டியைத் திருப்பினார். சுற்று வழி. கிராமத்து ரோடு, குண்டும் குழியும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தங்கச்சி அங்க சாவக் கெடக்கறா, உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாது, அதான் உங்ககூட யாருமே இல்ல!" என்று காற்றில் கத்தினேன். அக்கா குழிகளை விலக்கி ஓட்டிக்கொண்டே போனார். வெகு தூரத்துக்கு "தூங்கிட்டியா" என்று கேட்கவில்லை. அது மழையைவிடக் குளிராக இருந்தது.

இந்த இடத்தில் அந்தப் பாலம் அப்புறம் அடித்துக்கொண்டு போயிற்று, அக்கா என் உயிரைக் காப்பாற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பின்னால் விசாரித்தேன். அந்தப் பாலத்துக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க ஊரே அதில் போய் வந்தது. ஒரு கல்யாணக் கோஷ்டிகூட டிராக்டரில் மேளத்தோடு கடந்ததாம்.

மொகிலி கணவாயில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டியது. மேலே ஏறிப் பலமநேரை நெருங்கியபோது குளிர் எலும்புக்குள் போயிருந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீயை மோந்து பார்த்து, "பால் பவுடரு" என்று சொல்லிவிட்டு, தன் ரப்பர் உறைகளைக் கழற்றி என் கையில் மாட்டினார். கிளாஸை அதன் மேல் வைத்தார்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாயில் வேறு வந்தது.

"ஒவ்வொரு மழைக்கும் எங்கக்கா போறீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

டீயை ஒரு வாய் குடித்தார். "எங்கயும் இல்ல. இப்படியே போவேன். எங்கனா டீ குடிப்பேன். எங்க நைனா வீட்ல படுத்துட்டு வந்துடுவேன். அவ்ளோதான்."

"அதுக்கு ஏன் மழையில?"

"வெயில் காலத்துல ஒரு பொம்பள பெரிய வண்டி எடுத்துக்கினு போயிப் பாரு. பின்னாடியே நாலு வண்டி வரும். ஒருத்தன் இடிக்கற மாதிரி வருவான். ஒருத்தன் போன்ல படம் எடுப்பான். ஒருத்தன், 'அக்கா, எவ்ளோ ஸ்பீடு போவும்?'னு சித்தூர் வரைக்கும் கேட்டுக்கினே வருவான். எவன் எதுக்கு வரான்னு கண்ணாடியிலயே பாத்துக்கினு ஓட்டணும். மழை வந்தா எல்லாம் கடை ஓரமா ஒதுங்கிடுவானுங்க. ரோடு முழுக்க எனக்குத்தான்." கிளாஸை வைத்தார். "டீ குடி. ஆறிப்போவுது."

எங்கள் விடுதியின் அத்தனை மர்மமும் அவ்வளவுதான். செம்மரமும் இல்லை, புருஷனும் இல்லை. எனக்கு ஏனோ சுகந்தியின் கதைகளே தேவலை என்றிருந்தது.

குப்பம் ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்தபோது தங்கையை உள்ளே கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நர்ஸம்மா என் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரத்தமே கம்மியா கீதும்மா உனக்கு. உங்கிட்ட எடுத்தா அப்புறம் உனக்கு நாங்க ஏத்தணும்."

"மிஷின் சரியா பாத்துச்சா? இன்னொரு வாட்டி குத்து" என்றார் அக்கா.

இன்னொரு விரலில் குத்தினார்கள். அதே விடை. அக்கா என்னைப் பார்த்தார். "அந்த சாம்பாரு" என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் யார் யாருக்கோ போன் செய்தார். கோலாரிலிருந்து வர வேண்டும், இந்த மழையில் எப்போது வருமோ என்றார். தங்கையின் மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "கூட வந்த அம்மா எங்க? பையி எல்லாம் எடுத்துக்கினு போயிடுச்சே?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் தன் பர்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டார். எனக்கும் அக்கா போயே போய்விட்டார் என்ற நினைப்புதான். வழியில் நான் பேசிய பேச்சுக்கு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டதே பெரிது.

அரை மணி போயிருக்கும். வெளியே வண்டிச் சத்தம். ஒரு வண்டி இல்லை. எட்டிப் பார்த்தால் கொட்டும் மழையில் அக்காவின் வண்டி முன்னால் வருகிறது. பின் சீட்டில் முகமெல்லாம் வெளிறிய ஓர் ஆள், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டு பைக்குகள். எல்லாம் ஆம்பளைகள். எல்லாம் நனைந்துகொண்டு.

நடந்ததைப் பிறகு அவர்கள்தான் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தின் முன்னால் அக்கா வண்டியை நிறுத்தி, தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, தெரிந்த கன்னடத்தில் ஒரு தடவை கத்தியிருக்கிறார்: "ஓ நெகட்டிவ் ரத்தம் எவன்கிட்ட கீது?" முதலில் சிரித்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் நாலைந்து பேர் எழுந்திருக்கிறார்கள். எங்களுக்கு என்ன குரூப் என்று தெரியாது, வந்து பார்க்கலாமா என்று இன்னும் சிலர். அக்கா அவர்களை வரிசையாக நிறுத்திவிட்டார். காலையில இன்னா துன்ன? காய்ச்சல் வந்துச்சா? நேத்து சரக்கு போட்டியா?

"கொஞ்சம் போட்டேன்க்கா" என்றாராம் ஒருவர்.

"நீ உக்காரு. உண்மைய சொன்னதுக்கு டீ குடி."

பின் சீட்டில் வந்தவர் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். ஓ நெகட்டிவ். ஏற்கெனவே ரத்தம் கொடுத்தவர். ஊசியைக் கழற்றிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரத்தம் குடுக்க பயமில்லம்மா. வண்டியிலதான் பயம். கூப்பிடு தூரம்தான் ரோடு. அதுக்குள்ள நாலு வாட்டி, 'தூங்கிட்டியா'ன்னு கேட்டாங்க."

அந்த ரத்தம் தேவைப்பட்டது. இருந்ததால் தப்பித்தோம் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். பெண் குழந்தை. வராந்தாவில் நனைந்து நின்ற அத்தனை பேரும் ஏதோ தங்கள் வீட்டுக் குழந்தைபோலக் கைதட்டினார்கள். நர்ஸம்மா எல்லோரையும் திட்டித் துரத்தினார்.

அக்கா உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த அட்டையைப் புரட்டிப் படித்தார்.

"நம்ம குழந்தைதானே? எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துக்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஹெல்மெட்டை அவர் கழற்றவே இல்லை. கண்ணாடி உள்பக்கமாக மங்கியிருந்தது.

"அக்கா, ஹெல்மெட்டு…"

"மழைத் தண்ணி" என்றார், கூரைக்கு அடியில் நின்றுகொண்டு.

நான் அந்த விடுதியை விட்டு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது திருத்தணியிலேயே வேலை. சுகந்தி சென்னையில் எந்தத் தெருவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. அக்கா அதே அறையில், அதே வேலையில் இருக்கிறார். மழை பிடித்தால் எங்கே போகிறார் என்று இப்போது யாரும் துப்புத் துலக்க வேண்டியதில்லை. குப்பத்தில் வானம் கறுத்தால் என் தங்கை மகள் கேட்டில் போய் நின்றுகொள்கிறாள். நனையாதே, உள்ளே வா என்று இழுத்தாலும் வருவதில்லையாம். "பெத்தம்மா வரும்" என்கிறாளாம்.

பெத்தம்மா என்றால் தெலுங்கில் பெரியம்மா. அவளுக்குச் சொந்தப் பெரியம்மா நான்தான். வெயில் நாளாகப் பார்த்து, பஸ் பிடித்து, கை நிறைய பொம்மையோடு போகிறேன். எனக்காக அவள் ஒரு நாளும் கேட்டில் நின்றதில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.